நாமே குறைத்த எடையா, நோய் தின்ற எடையா?

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நாம் மருத்துவர் அல்லோம்; குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்றவர்கள். ஆயினும் நோயாளிகளைச் சந்திக்க வீடு வீடாகச் செல்லும்போது ஒரு பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. "சாமி, சர்க்கரை வந்ததிலிருந்து உடம்பு தானா எளச்சிடுச்சி. நல்லதுதானே?" இதற்குத்தான் இன்று விடை கூற விழைகிறோம்.

இதைப் பேச இராயபுரம் தகுந்த இடமே. மருத்துவர் எம். விசுவநாதன் 1954-இல் தமது மருத்துவமனையைத் தொடங்கியது இவ்வூரில்தான். சர்க்கரை நோய்க்கென்றே நாடறிந்த நிலையமாக அது வளர்ந்தது.

நம் உடலில் கொழுப்பு இருவகை. வெள்ளைக் கொழுப்பு, அரிசிக் குதிர்போல: மிஞ்சியதைச் சேர்த்து வைக்கும். பழுப்புக் கொழுப்போ அடுப்புபோல: சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சூடாக்கும். பச்சிளங் குழந்தைகளைக் குளிரிலிருந்து காப்பது இதுவே. வளர்ந்தவர்களிடம் இது வேலை செய்வதில்லை என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். கழுத்திலும் காறை எலும்பின் மேலும் பெரியவர்களுக்கும் இது இயங்குவதை 2009-இல் வெளிவந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

உடல் பருத்தால் இந்த அடுப்பு மங்குகிறது. வெள்ளைக் கொழுப்பு கம்பளிபோல் போர்த்திக்கொள்வதால் உள்ளே சூடு மூட்டும் தேவை குறைகிறது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காதபோது அடுப்புக்குச் சேரவேண்டிய சர்க்கரையும் சரிவரச் சேருவதில்லை. 2021-இல் நியூயார்க்கில் 52,000-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்தார்கள். பழுப்புக் கொழுப்பு தென்படாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்குச் சர்க்கரை நோய், தென்பட்டவர்களில் 4.6 பேருக்கே. எது காரணம், எது விளைவு என்பதை இக்கணக்கு மட்டும் சொல்லிவிடாது.

எடை குறைந்தால் அடுப்பு மீண்டும் எரியுமா? எரியக்கூடும். நெதர்லாந்தில் அறுவை சிகிச்சையால் எடை குறைத்த மிகப் பருமனான 10 பேரைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். முன்பு இருவரிடம் மட்டுமே இயங்கிய பழுப்புக் கொழுப்பு, ஓராண்டுக்குப் பின் ஐவரிடம் இயங்கியது.

ஆனால் அடுப்பு சிறியது. அதையே நம்பியிருக்க வேண்டாம். எடை குறைவதன் பெரிய நன்மை, கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதுதான். பிரிட்டனில் நோய் கண்டு ஆறாண்டுகளுக்கு மேற்படாதவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், மருத்துவர் கண்காணிப்பில் 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் நூற்றுக்கு 86 பேர், ஓராண்டு முடிவில் மருந்தின்றியே சர்க்கரை நோயின் அளவுக்குக் கீழே வந்திருந்தனர்.

குளிர் பட்டால் அடுப்பு எரியும் என்று கேள்விப்பட்டு, காசிமேட்டு ஐஸில் காலை வைக்க எவரும் புறப்பட வேண்டாம்! சர்க்கரையால் மரத்த கால் சூட்டையும் அறியாது, குளிரையும் அறியாது, புண்தான் மிஞ்சும்.

இனி அந்த வீட்டுக் கேள்விக்கு வருவோம். உணவைக் குறைக்காமல், நடை கூட்டாமல் உடல் தானே இளைத்தால், அது கட்டுக்கடங்காத சர்க்கரையின் அடையாளமாக இருக்கலாம். இன்சுலின் போதாதபோது சர்க்கரை சிறுநீரில் போகிறது. பசித்த உடல் தன் தசையையும் கொழுப்பையும் தானே தின்கிறது. அங்கே அடுப்பு எரியவில்லை, சகோதரரே. வீட்டுக் கூரையின் மரத்தையே பிடுங்கி எரிக்கிறோம். மேலும், சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் அபாயம் மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. ஆகவே இளைப்போடு இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தால், சளியைச் சோதிக்க ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போருக்கும் ஒரு சொல். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் வேளை உணவை விடக்கூடாது. சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழ நேரிடும். நோயாளிகளை ஒருசந்திக்குத் திருச்சபை கட்டாயப்படுத்தவில்லை.

எடை இறங்கவில்லையே என்று மனம் சோர்ந்தவர்களுக்கும் நம் ஊரே ஆறுதல் தருகிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு இராயபுரத்து மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஏறக்குறைய மூன்றாண்டுகளில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கே. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லத்தக்க அளவு குறையவில்லை.

ஆகவே துறைமுக வேலை முடிந்து வருவோரே, வலை இழுப்போரே, வீட்டில் சமைக்கும் தாய்மாரே, உடல் இளைத்தால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இது நாமே குறைத்த எடையா, நோய் தின்ற எடையா? நாமே குறைத்ததென்றால் மகிழ்வோம், விடாது தொடர்வோம். நோய் தின்றதென்றால் நாளைக் காலையே மருத்துவரிடம் செல்வோம். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். நாம் உடன் வருவோம்.