ஈறுல ரத்தம் வந்தா என்ன அர்த்தம்?

இன்னிக்கு எபிசோட், பல்லைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஈறு பத்தி.

பல் தேய்ச்சுத் துப்பும்போது நுரையில லேசா சிவப்பு தெரியுது. "பிரஷ் குத்திடுச்சு போல"ன்னு நெனச்சு, மறுநாள்லேருந்து அந்த இடத்தை மட்டும் தொடாம விட்டுடுவோம். ஆனா அந்த இடத்தைத்தான் இன்னும் நல்லா, மென்மையா தேய்க்கணும்.

ஏன்னு கேட்டா, 1965-ல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்லணும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவும், ஈறு நல்லா இருந்த 12 பேரைப் பல் தேய்க்கறதையே நிறுத்தச் சொன்னாங்க. 10 முதல் 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போலத்தான், சரியாயிடுச்சு.

காரணம் பிளாக். பல்லுல வழவழன்னு படியுற பாக்டீரியா படலம். உடம்பு அதை எதிர்த்துப் போராடும்போது ஈறு சிவந்து வீங்கும், தொட்டாலே ரத்தம் கசியும். இதுக்குப் பேர் ஜிஞ்சிவைட்டிஸ். முழுசா குணமாகிற கட்டம் இது.

கவனிக்காம விட்டா, எச்சில்ல இருக்கிற தாது உப்பு சேர்ந்து பிளாக் கல்லு மாதிரி இறுகிடும். அப்புறம் பிரஷ்ஷுக்கு அசையாது. சிலருக்கு வீக்கம் உள்ளே இறங்கி, பல்லைத் தாங்குற எலும்பே கரைய ஆரம்பிக்கும். இது பெரியோடான்டைட்டிஸ். கரைஞ்ச எலும்பு தானா திரும்பி வராது. பெரும்பாலும் வலியும் இருக்காது. அதனாலதான் பல் ஆட ஆரம்பிச்ச பிறகு ஓடுறோம்.

எல்லாருக்கும் இது ஒரே வேகத்துல நடக்காது. அதே லோ குழு, 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள்ல 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதிச்சது. பல் வைத்தியம் எட்டாத மலையகத் தமிழர்கள் அவங்க. ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமா முத்திடுச்சு. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகம். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. உலகம் இந்த நோயைப் புரிஞ்சுக்கிட்டதில், சிகிச்சையே கிடைக்காத நம்ம ஆட்களோட பங்கு பெருசு.

சிகரெட்டும் கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரையும் ஆபத்தைக் கூட்டும். சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ரத்தக்கசிவு குறைவாத்தான் தெரியும். நோய் இல்லன்னு அர்த்தமில்ல. அலாரத்தோட வயரைப் பிடுங்கிட்டுத் தூங்குற மாதிரி அது.

சரி, என்ன செய்யணும்? சாஃப்ட் பிரஷ், தினம் ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷம். பிரஷ்ஷைச் சாய்ச்சு, பல்லும் ஈறும் சேர்ற கோட்டுல வெச்சு மெதுவா தேயுங்க. பல்லிடுக்குக்கு பிரஷ் போகாது. தினம் ஒரு தடவை ஃபிளாஸ் இல்லன்னா இடுக்குக்கான குட்டி பிரஷ். கல்லு படிஞ்சிருந்தா ஸ்கேலிங் பண்ணிக்கோங்க. "ஸ்கேலிங் பண்ணா பல் ஆடும்"னு வீட்ல சொல்லுவாங்க. கல்லு அடைச்சிருந்த இடம் காலியானதும் அப்படித் தோணும், அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் ஒழுங்கா தேய்ச்சும் ரத்தம் நிக்கலன்னா பல் டாக்டரைப் பாருங்க. சீழ், பல் ஆட்டம், ஈறு கீழே இறங்குறது இருந்தா ரெண்டு வாரம்கூட காத்திருக்காதீங்க.

வீட்ல அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்தா, அடுத்த செக்கப் லிஸ்ட்ல பல் டாக்டரையும் சேர்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.