மேற்பார்வைக்கும் தகுதி வேண்டும்



இந்த உயர்கல்வி வழிகாட்டுதல் பயிற்சியில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு மருத்துவ ஆய்வகப் படிப்புகள். என்னென்ன படிப்புகள் இருக்கின்றன, எப்படி விண்ணப்பிப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கும். அதைத் திரும்ப வாசிக்கப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வகத்தில் ஒருவர் செய்த பரிசோதனையை இன்னொருவர் மேற்பார்வையிட வேண்டும் என்றால், அந்த இன்னொருவருக்கு என்ன தகுதி வேண்டும்?

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில், உதவித் தேர்வாளர் தாளைத் திருத்துகிறார். திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா, கூட்டல் சரியா என்று கூர்ந்தாய்வாளர் பார்க்கிறார். முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை எடுத்து மறுபடி மதிப்பிடுகிறார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்ற வரம்பும் உண்டு. அந்தப் பாடத்தில் அனுபவம் உள்ளவரைத்தான் முதன்மைத் தேர்வாளராக அமர்த்துகிறார்கள். ஒரு மாணவரின் மதிப்பெண்ணுக்கே இத்தனை பாதுகாப்பு. ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு வேண்டும்?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஒரு சட்டத்தையே கொண்டுவந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய 'பாப் ஸ்மியர்' என்ற பரிசோதனை செய்வார்கள். செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது. 1987இல் வால்ட் போக்டானிச் என்ற செய்தியாளர், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் இதுபற்றி எழுதினார். சில ஆய்வகங்களில் தகட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள். தொழில்நுட்பப் பணியாளர்கள் அளவுக்கு மீறிய தகடுகளை அவசர அவசரமாகப் பார்த்துத் தள்ளினார்கள். புற்றுநோய் இருந்த பெண்களுக்கும் 'இயல்பு' என்று அறிக்கை போயிருந்தது. அந்தக் கட்டுரைகளுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் மருத்துவ ஆய்வகங்களுக்கான சட்டத்தைத் திருத்தி இறுக்கியது.

அதன் கீழ் வந்த விதிகளைப் பாருங்கள். ஒருவர் 24 மணி நேரத்தில் 100 தகடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. 'இயல்பு' என்று ஒதுக்கிய இந்தப் பரிசோதனைத் தகடுகளில் குறைந்தது 10 சதவீதத்தைத் தகுதியுள்ள இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் ஒரு நோய்க்குறியியல் மருத்துவராக இருக்கலாம். செல் ஆய்வில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர் என்றால், கடந்த 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 3 ஆண்டுகள் முழுநேரம் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். சிக்கலான பிற பரிசோதனைகளுக்குப் பொது மேற்பார்வையாளராக, துறை சார்ந்த இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு ஓராண்டு அனுபவமும், ஈராண்டுப் படிப்பு முடித்தவருக்கு இரண்டு ஆண்டு அனுபவமும் தேவை.

பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளர் ஆகிவிட முடியாது. அனுபவம் மட்டும் இருந்தாலும் போதாது. படிப்பு குறைந்தால் அனுபவம் கூட வேண்டும் என்பதுதான் அந்த விதியின் கணக்கு.

மேற்பார்வையாளர் அப்படி என்னதான் செய்கிறார் என்று கேட்பீர்கள். ஒன்றைச் சொல்கிறேன். காலையில் நோயாளிகளின் ரத்தத்தைக் கருவியில் வைப்பதற்கு முன், ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்பார்கள். வரும் அளவை தினமும் ஒரு வரைபடத்தில் புள்ளியாகக் குறிப்பார்கள். நடுவில் சராசரிக் கோடு. மேலும் கீழும் ஒரு திட்டவிலக்கம், இரண்டு திட்டவிலக்கம், மூன்று திட்டவிலக்கம் என்று கோடுகள். லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950இல் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்த முறை இது. புள்ளி மூன்றாவது கோட்டைத் தாண்டினால் அறிக்கைகளை நிறுத்திவைத்து, கருவியில் கோளாறா, வேதிப்பொருள் கெட்டுவிட்டதா என்று தேட வேண்டும். வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போது 'நிறுத்துங்கள்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்வதற்கு அறிவும் வேண்டும், அதிகாரமும் வேண்டும். அந்த இரண்டையும் தருவதுதான் தகுதி விதி. பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்டவிலக்கம் நடத்தும் ஆசிரியர்கள் இந்த வரைபடத்தைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். 'இது எதுக்கு சார் படிக்கிறோம்?' என்ற கேள்விக்கு நல்ல பதிலாக இருக்கும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாடு அரசுப் பணியில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவருக்கு மூன்றாம் நிலை ஆய்வக நுட்புநர் பணியும், ஈராண்டுப் பட்டயம் முடித்தவருக்கு இரண்டாம் நிலைப் பணியும் என்று தகுதி வகுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று படிகள் உண்டு. பரிசோதனை அறிக்கையில் மேலொப்பமிடும் உரிமை வேறு. நோய்க்குறியியலில் முதுகலைத் தகுதி பெற்ற பதிவு பெற்ற மருத்துவரே மேலொப்பமிடலாம் என்ற மருத்துவக் கவுன்சிலின் நிலைப்பாடு சரியே என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. அதற்குப் பிறகு மத்திய அரசின் விதிகளில் திருத்தங்களும் வந்தன. ஆகவே எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் அச்சடித்த வழிகாட்டி நூலைப் பார்த்து மாணவருக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சட்டம் 2021இல் வந்தது. மருத்துவம் சார்ந்த தொழிற்படிப்புகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் அது. துணை மருத்துவத் தொழிலர் என்று ஒருவரை ஏற்க வேண்டுமானால், அவர் படித்த பட்டயமோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரம் கொண்டதாக இருக்க வேண்டும். அது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும். அதற்கு அடுத்த தகுதிநிலைக்குப் பட்டப்படிப்பு வேண்டும். 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 'ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன்' என்று சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஒரு நாள்கூட விடுமுறை விடாமல் நடத்தினாலும் 1,248 மணி நேரம்தான். 2,000 எங்கே, 1,248 எங்கே?

எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவி அப்படி ஓர் இடத்தில் சேர்ந்தார். பெயர் வேண்டாம். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர், வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டினார். படிப்பு முடிந்ததும் வேலையும் கிடைத்தது. ரத்தம் எடுப்பார், குழாயில் பெயர் ஒட்டுவார், கருவியில் வைப்பார். கை சுத்தம், வேலையில் அக்கறை. ஐந்தாவது ஆண்டில், அவரிடமே வேலை பழகிய பட்டயம் படித்த பெண் பிரிவுப் பொறுப்பாளர் ஆனார். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால் இந்தச் சான்றிதழ் செல்லாது. அந்த மாணவியின் திறமையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த படிக்குப் போக வழியில்லாத படிப்பை அவரிடம் விற்றுவிட்டார்கள்.

ஆகவே இந்தத் துறைக்குப் போக விரும்பும் மாணவருக்கு நாம் செய்யக்கூடியவை சில. பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும்போதே, பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தேவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு, எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்க வேண்டும். இந்தப் படிப்பை அங்கீகரித்தது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை? ஆய்வகத்தில் நேரடிப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம்? இதை முடித்தபின் அடுத்த படிப்பில் சேர முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வசதி இல்லாத குடும்பத்துப் பிள்ளை பட்டயம் படித்து வேலைக்குப் போவது நல்ல முடிவுதான். நாலு வருடம் காத்திருக்க எல்லா வீட்டாலும் முடியாது. வேலையில் இருந்துகொண்டே மேலே படிக்க ஏற்ற பட்டயமாக அது இருக்கட்டும் என்பதே என் கவலை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'எதுக்கும் டீச்சரை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்' என்று அண்ணன், அக்காவின் படிப்புக்காகப் பெற்றோர் முதலில் வந்து நிற்பது பல ஊர்களில் உங்கள் வகுப்பறை வாசலில்தான்.

அந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, தேர்வு முடிவு வரும் நாளுக்கு முன்பே உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். சுவரொட்டிக்காரர்கள் அதற்கு முந்தைய வாரமே ஊருக்குள் வந்துவிடுவார்கள்.