பந்து வீச்சாளனின் குறிப்பேடு



பாடசாலைகளிலே கிரிக்கெட் பருவம் முடியும் வேளையில், பந்து வீசும் மாணவர்கள் ஆவலோடு நோக்கும் எண் ஒன்று உண்டு. அதுவே பந்து வீச்சுச் சராசரி. பருவம் முழுவதிலும் ஒருவன் கொடுத்த ஓட்டங்களை, அவன் வீழ்த்திய விக்கெட்டுகளின் தொகையால் வகுத்தால் வருவது இவ்வெண். இது குறையக் குறைய வீச்சாளனின் மதிப்பு உயரும். அடுத்த ஆண்டு அணியில் அவனுக்கு இடம் உண்டா என்பதையும் பல இடங்களில் இதுவே தீர்மானிக்கின்றது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது சிறிய விடயம் அன்று. ஆகவே, இந்த எண் எதைச் சொல்கின்றது, எதை மறைக்கின்றது, இதனைக் குறைத்துக்கொள்ள வழி யாது என்பனவற்றை இன்று நோக்குவோம்.

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் 240 ஓட்டங்களைக் கொடுத்துப் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தியிருக்கின்றனர். இருவருக்கும் சராசரி 24. ஆனால், முதல்வன் வீசியவை 480 பந்துகள். மற்றவன் வீசியவை 240 பந்துகளே. முதல்வன் ஓவருக்கு மூன்று ஓட்டம் மட்டும் கொடுக்கின்றான்; எனினும் ஒரு விக்கெட்டுக்காக 48 பந்துகள் உழைக்கின்றான். மற்றவன் 24 பந்துகளுக்கு ஒரு விக்கெட்டை வீழ்த்துகின்றான். ஆனால் ஓவருக்கு ஆறு ஓட்டங்களை இழக்கின்றான். நோய் வேறு, மருந்தும் வேறு. சராசரியை மட்டும் பார்க்கும் ஆசிரியர் இருவருக்கும் ஒரே புத்திமதியைச் சொல்வார். அஃது இருவருக்குமே பயன்படாது.

சராசரி என்பது உண்மையில் இரண்டு எண்களின் பெருக்கம். ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்பது ஒன்று. ஒரு பந்துக்கு எத்தனை ஓட்டம் என்பது மற்றொன்று. எங்கள் நாட்டின் முத்தையா முரளிதரன் 1992 முதல் 2010 வரை 133 டெஸ்ட் போட்டிகளில் ஆடி 800 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் கொடுத்த ஓட்டங்கள் 18,180, சராசரி 22.72. இதனைப் பிரித்துப் பார்த்தால், ஒரு விக்கெட்டுக்கு ஏறக்குறைய 55 பந்துகள், ஓவருக்கு இரண்டரைக்கும் சற்றுக் குறைந்த ஓட்டங்கள் என வருகின்றது. விக்கெட் விழாத நேரத்திலும் ஓட்டத்தை இறுக்கிப் பிடித்தமை அச்சராசரிக்குள் அடங்கியிருக்கின்றது.

இனி, சராசரி மறைப்பவற்றைக் காண்போம். வைட், நோ போல் ஆகியவற்றால் வரும் ஓட்டங்கள் வீச்சாளன் கணக்கிலே சேரும். பை, லெக் பை ஓட்டங்கள் சேரா. ரன் அவுட்டில் விழும் விக்கெட் வீச்சாளனுக்கு உரியதன்று. இவை விதிகள். ஆனால், கைக்கு வந்த பிடி நழுவிப் போனால், அந்த இழப்பைச் சராசரி எங்கும் காட்டுவதில்லை. தப்பிய துடுப்பாட்டக்காரர் பின்னர் அவனது பந்துகளில் அடிக்கும் ஓட்டங்களோ முழுமையாக அவன் தலையிலே விழும். நல்ல வீச்சாளன் ஒருவன் இவ்வாறே அணியை விட்டு விலக்கப்படக் கூடும். அவனுக்காகப் பேசக் கூடிய சாட்சி, பந்து பந்தாக எழுதப்பட்ட குறிப்பேடு ஒன்றே.

அக்குறிப்பேடு பெரிய செலவில் ஆவதன்று. ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும். ஒவ்வொரு பந்துக்கும் மூன்று செய்திகளை எழுத வேண்டும். பந்து விழுந்த நீளம்: குறுகியதா, நல்ல அளவா, மிக முன்னே விழுந்ததா? அதன் திசை: விக்கெட்டுக்கு நேரா, ஓப் பக்கமா, லெக் பக்கமா? மூன்றாவது, விளைவு. பிடி தவறியிருந்தால் அதனையும் குறித்தல் வேண்டும். வீசுபவன் தானே இதனை எழுத முடியாது; களத்திற்கு வெளியே இருக்கும் பன்னிரண்டாமவன் எழுதலாம். திகதியையும் எதிரணியையும் மேலே குறித்துக்கொள்ளட்டும்.

ஐந்தாறு ஆட்டங்களின் பின் அவ்வேட்டை விரித்துப் பாருங்கள். பத்து ஓவரில் முப்பது ஓட்டம் கொடுத்த ஒருவனுக்கு, அதில் 24 ஓட்டங்கள் ஆறே பந்துகளில் போயிருக்கலாம். அந்த ஆறில் ஐந்து லெக் பக்கத்தில் குறுகி விழுந்தவை என்றால், திருத்த வேண்டியது வீச்சு முழுவதும் அன்று. அந்த ஒரு பிழையே. பயிற்சியின்போது நல்ல அளவு விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, முப்பது பந்தில் எத்தனை அதன்மேல் விழுகின்றன என நாள்தோறும் எழுதி வரலாம். அத்தொகை வாரந்தோறும் ஏறுவதைக் காணும் பிள்ளைக்கு வேறு ஊக்கம் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே ஆட்டத்தின் கணக்கைக் கண்டு கைப்பிடியையும் ஓட்டத்தையும் மாற்றிவிடக் கூடாது. சில ஓவர்களில் அதிர்ஷ்டமும் பங்கு கொள்ளும். பல ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வருவதே பழக்கம். அன்றியும், சராசரியைக் காப்பதற்காகவே ஆடுபவனும் உண்டு. துடுப்பாட்டக்காரர் நிலைத்து நின்று அடிக்கும் வேளையிலே, அணித்தலைவர் அழைத்தால் தோள் வலிக்கின்றது என்பான். கடைசி வீரர்கள் வந்ததும் பந்தைக் கேட்பான். அவனது எண் அழகாக இருக்கும், அணி தோற்கும். குறிப்பேட்டிலே, எந்த நிலையில், யாருக்கு எதிராக வீசினான் என்பதும் எழுதப்பட்டிருந்தால் இந்தத் தந்திரம் வெளிப்பட்டுவிடும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் கூறுவது இதுவே. பிள்ளையிடம், "உன் சராசரி என்ன?" என்று மட்டும் கேளாதீர்கள், "உன் கொப்பியைக் காட்டு" என்று கேளுங்கள். சராசரி முடிந்த பருவத்தின் தீர்ப்பு. கொப்பியோ, அடுத்த பருவத்தில் எதைத் திருத்த வேண்டும் என்பதைக் காட்டும். அதனை உள்ளது உள்ளபடி எழுதப் பழகிய மாணவன், தன் குறையைத் தானே கண்டு திருத்தும் வழியையும் கற்றுக்கொள்கின்றான்.