அருங்காட்சியகத்தின் பின்கட்டு
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேச வேண்டிய மேடையில் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கலை கற்ற இளைஞன் சோற்றுக்கு என்ன செய்வான் என்னும் கேள்வி கவிஞர்களுக்குப் புதிதன்று. அந்தத் துணிவில் தொடங்குகிறேன்.

சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850-இல் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, எட்வர்டு பால்ஃபோர் என்னும் மற்றொரு மருத்துவரின் பொறுப்பில் அரசு அருங்காட்சியகம் தோன்றியது. ஒன்று கையைப் பழக்கப் பிறந்தது. மற்றொன்று கண்ணைப் பழக்கப் பிறந்தது. உடன்பிறந்தார் போன்ற இவ்விரண்டும் ஒன்றன் வீட்டுக்குள் மற்றொன்று போதிய அளவு புழங்கவில்லை என்பது என் ஆதங்கம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் முன்கட்டை நாம் அறிவோம். அமராவதிக் கற்களையும் திருவாலங்காட்டு நடராசரையும் கண்டு திரும்புகிறோம். அதற்கொரு பின்கட்டும் உண்டு. அங்கே 1930-இல் வேதியியல் பாதுகாப்புக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. எஸ். பரமசிவன் என்னும் வேதியியலாளர் அங்குதான் நோயுற்ற திருமேனிகளுக்கு மருத்துவம் பார்த்தார்.

நோய் என்றது உவமையன்று. மண்ணில் நெடுங்காலம் புதைந்த வெண்கலத்தில் குளோரைடு உப்பு தங்கிவிடும். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் பட்டு, வெளிர்பச்சைப் பொடியாக உலோகத்தை அரிக்கத் தொடங்கும். சிலையை எதிர்மின்முனையாக்கிக் காரக் கரைசலில் அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால் உப்பு வெளியேறும். பின்னர் காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் மீண்டும் ஊறவைக்க வேண்டும். அந்த நீரில் வெள்ளி நைட்ரேட்டு ஒரு துளி விட்டதும் பால்போல் கலங்கினால் வேலை முடியவில்லை என்று பொருள். இம்முறை எல்லாத் திருமேனிக்கும் ஏற்றதன்று. காலம் தந்த பச்சைப் படலமும் உடன் போய்விடும். எதைக் கழுவுவது, எதைத் தொடாமல் விடுவது என்னும் தேர்ச்சியைப் புத்தகம் தராது. பக்கத்தில் நின்று பார்த்த கைதான் அறியும்.

பின்கட்டில் இன்னும் எத்தனையோ தொழில்கள்! பதிவேடு எழுதுதல், நிழற்படம் எடுத்தல், தாங்கிகள் செய்தல், பார்வையாளரை அழைத்துச் சென்று விளக்குதல். ஒரு பொருளுக்கு எண் இடுவதில்கூட எவ்வளவு நாகரிகம்! எண்ணை நேரே எழுதுவதில்லை. முதலில் மெல்லிய வார்னிஷ் பூச்சு, அதன்மேல் எண், அதற்குமேல் மீண்டும் பூச்சு. நாளை அழிக்க நேர்ந்தாலும் பொருளுக்குக் காயம் படக்கூடாது.

இவற்றையெல்லாம் கற்பிக்க இளைஞரை அழைப்பது எளிது. அழைத்தபின் அவர் மதியம் எங்கே உண்பார்? சுவாமிமலைப் பட்டறையில் தந்தையிடமோ தாய்மாமனிடமோ வார்ப்புக் கற்ற பையனுக்குச் சோறு அதே வீட்டில் இருந்தது. அந்த வீட்டில் பிறவாதவனுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. அக்கதவைத் திறக்கக்கூடிய பொது இடம் அருங்காட்சியகம். ஆனால் ஊதியமில்லாத் தொண்டாகப் பயிற்சி அமையுமானால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அங்கு நிலைப்பார்கள்; கட்டடத் தொழிலாளியின் மகள் மூன்றாம் மாதமே துணிக்கடைக்கு வேலை தேடிப் போய்விடுவாள். பிறப்பினால் அடைத்திருந்த கதவைப் பணத்தினால் மீண்டும் அடைப்பதாகவே அது முடியும்.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் 1968-இல் ஸ்டுடியோ மியூசியம் தோன்றியது. 'ஸ்டுடியோ' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, கலைஞர்க்குப் பணிக்கூடமும் உதவித்தொகையும் தந்தது. பள்ளிப் பருவத்தினருக்கான நிழற்படப் பயிற்சி அங்கு 2001-இல் தொடங்கியது. அப்பகுதி மக்களை முன்பே படமெடுத்த ஜேம்ஸ் வான் டெர் ஸீயின் படங்களை ஊன்றிப் பார்த்து, பிள்ளைகள் தம் தெருவைத் தாமே படமெடுக்கிறார்கள். அப்படங்கள் அருங்காட்சியகத்தாலேயே காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

இனி நம் பங்குக்கு வருகிறேன். பல அருங்காட்சியகங்களில் பொருளின் அருகே உள்ள தமிழ்க் குறிப்பைப் படித்திருப்பீர்கள். 'உலோகப் படிமம், கி.பி. 11-ஆம் நூற்றாண்டு' என்றிருக்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து முதலில் ஓர் உருவம் செய்ததையும், அதைக் காவிரி வண்டலால் பொதிந்ததையும், மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் புகுந்ததையும், அச்சை உடைத்தே எடுத்ததால் அதுபோல் மற்றொன்று இல்லை என்பதையும் அது சொல்வதில்லை. நின்றுகொண்டே படிப்பவருக்கு நாற்பது சொற்களுக்குள் இதைச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மிகுந்தாலும் அவர் நகர்ந்துவிடுவார். இது கவிதை பயின்றவர் செய்யத்தக்க வேலை. கூலி பெறத்தக்க வேலையும்கூட.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு நாம் திரட்டும் நிதியில் ஒரு பகுதியை, இரண்டு இளைஞர்களின் ஓராண்டு உதவித்தொகைக்கு ஒதுக்குவோம். ஒருவர் பாதுகாப்புக்கூடத்தில் கற்கட்டும். மற்றவர் குறிப்பெழுதக் கற்கட்டும். அருங்காட்சியகத்தார் இசைவு பெறுவதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளரிடம் இப்போதே தருகிறேன். தொகை எவ்வளவு என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.