ஏ.சி. கிளம்ப நேரமாகிறதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, கடலூரிலும் சிதம்பரத்திலும் வங்கிக் கிளைகளில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். "சுவிட்சைப் போட்டால் ஏ.சி. உடனே கிளம்புவதில்லை, பத்து நிமிஷம் ஆகிறது" என்று இந்தக் கோடையில் மட்டும் நம் குடியிருப்பில் பல வீடுகளில் சொன்னார்கள். சிலரிடம் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வயதானவர்களை வைத்துக்கொண்டு இருப்பவர்கள் பயத்தில் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

வங்கியில் நாள் முடிவில் கணக்கு இடித்தால் உடனே லெட்ஜரையே மாற்றிவிட மாட்டோம். எந்தச் சீட்டில் இடிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏ.சி.க்கும் அதே முறைதான். "லேட்டாகக் கிளம்புகிறது" என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பழுதே இல்லாத தாமதம். உள்ளே காற்று வருகிறது, வெளியே இருக்கும் யூனிட் சத்தமே இல்லாமல் இருக்கிறது, சுமார் மூன்று நிமிஷம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது என்றால் கவலைப்பட வேண்டாம். கம்ப்ரஸர் நின்றவுடன் ஒரு பக்கக் குழாயில் வாயு அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சமமாகக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்கு முன் கிளப்பினால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறும், சூடாகும். அதனால் சர்க்யூட் போர்டிலேயே இந்தத் தாமதத்தை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஸ்டெபிலைசரிலும் இதே போலத் தனியாக ஒரு தாமதம் இருக்கலாம். மின்சாரம் போய் வந்தால் அது மூன்று நிமிஷம், பிறகு ஏ.சி. மூன்று நிமிஷம், ஆக ஆறு நிமிஷம். இரண்டு கவுண்டரில் வரிசையில் நிற்பது மாதிரிதான். பொறுமை இல்லாமல் ரிமோட்டை அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கலாம்.

இன்வெர்ட்டர் ஏ.சி. வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் கம்ப்ரஸர் மெதுவாகத் தொடங்கித்தான் வேகம் பிடிக்கும். பழைய ஏ.சி. போல "டம்" என்ற சத்தம் வரவில்லையே என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, கிளம்பத் திணறுவது. வெளி யூனிட்டில் சில விநாடி "ம்ம்ம்" என்று முனகல், பிறகு "டக்" என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். சில நிமிஷம் கழித்து மறுபடியும் அதே. மூன்றாவது, நான்காவது முயற்சியில் கிளம்பும். சாதாரண, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏ.சி.யில் இந்த அடையாளம் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெபாசிட்டரை. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை உந்திச் சுற்றவைப்பது அதுதான். வெயிலிலும் வருஷக்கணக்கான உழைப்பிலும் அதன் திறன் குறைந்துகொண்டே வரும்.

அதன் மேலேயே அளவு அச்சடித்திருக்கும். 45 மைக்ரோபாரட், கூடக் குறைய 5 சதவீதம் என்று போட்டிருந்தால், மீட்டரில் 42.75க்கும் 47.25க்கும் இடையில் காட்ட வேண்டும். சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் இருக்கும் என் சம்பந்தி வீட்டில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்றார். சம்பந்தி எனக்கு போன் செய்தார். "கெபாசிட்டரை மீட்டர் வைத்துப் பார்த்தாரா?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். பார்க்கவில்லை. வேறொருவர் வந்து பார்த்தபோது 45 இருக்க வேண்டிய இடத்தில் 31 காட்டியது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. அதே மைக்ரோபாரட் அளவில், வோல்ட் அளவு பழையதைவிடக் குறையாமல் வாங்கிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கெபாசிட்டர் சரியாக இருந்தால் அடுத்தது வோல்டேஜ். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அதில் 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது சுமார் 216 முதல் 244 வரை. ஏ.சி. ஓடாதபோது அளந்தால் போதாது, கிளம்பும் அந்த விநாடியில் பார்க்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் கம்ப்ரஸர் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ஸ்டெபிலைசர் திரையில் உள்ளே வரும் வோல்டேஜ் 225லிருந்து 190க்குச் சரிந்து, அங்கேயே நின்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது ஒயர் போதவில்லை. பிளக் கருகியிருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, எம்.சி.பி. பக்கம் கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏ.சி. மெக்கானிக்குக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தீ பிடிப்பது இந்த மாதிரி இணைப்பில்தான்.

ஒரே நேரத்தில் பல வீடுகளில் விளக்கு மங்கினால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை இல்லை, சங்கத்தின் பிரச்சினை. மூன்று பேஸில் ஒன்றில் மட்டும் ஏ.சி. எல்லாம் குவிந்திருக்கலாம். சில வீடுகளில் மங்கி, சில வீடுகளில் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கக்கூடும். அப்போது மெயினை அணைத்துவிட்டு உடனே காவலாளியிடம் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் சேவைக்கும் புகார் செய்யுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. மொட்டை மாடியில் வைத்த யூனிட்டின் செம்பு முனைகளில் பச்சை பூக்கும், மெல்லிய அலுமினியத் தகடுகள் உதிரும். சிதம்பரம் பக்கம் வயல் சூழ்ந்த இடங்களில் அறுவடைத் தூசு தகடுகளில் அடைத்துக்கொள்ளும். எறும்பும் பல்லியும் காண்டாக்டருக்குள் புகுந்து இணைப்பைத் தடுப்பதும் உண்டு. கோடைக்கு முன்னால் ஒரு முறை, மழைக்குப் பின்னால் ஒரு முறை வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவி, முனைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை, கிளம்பிவிடுகிறது, ஆனால் குளிர நேரமாகிறது. இதற்கு முதலில் பில்டரைக் கழுவுங்கள். "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே கசிகிறது? ஏ.சி. வாயு பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் நிரப்புவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஜெனரேட்டர் பற்றிப் பலர் கேட்டீர்கள். சினிமாக்காரர்களின் கேரவன் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கூரையில் ஏ.சி. இருக்கும், வெளியூர்ப் படப்பிடிப்பில் ஜெனரேட்டரில் ஓடும். ஜெனரேட்டர் சிறியதாக இருந்தால், கிளம்பும் நேரத்து இழுவையைத் தாங்காமல் திணறும். அதற்காகவே மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற கருவியைச் சிலர் பொருத்துகிறார்கள். நம் ஜெனரேட்டர் லிப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் கணக்குப் போட்டு வாங்கியது. அதில் ஏ.சி.யைக் கிளப்ப முயன்றால் லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொள்வார்கள்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் ஏ.சி. சுவிட்சை அணைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வந்தவுடன் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் சரியும், எதுவுமே ஒழுங்காகக் கிளம்பாது. தரைத்தளம் முதலில், பிறகு ஐந்து நிமிஷ இடைவெளியில் ஒவ்வொரு மாடியாகப் போடலாம் என்பது என் யோசனை.

இப்போது முக்கியமானது. வெளி யூனிட்டின் மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும், அது ஆளைத் தூக்கி எறியும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்.சி.பி.யை மாற்றிப் போடாதீர்கள். ஒயர் தாங்காது. வேலைக்கு வரும் பையன் சன்ஷேடில் ஏறுவதாக இருந்தால் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏற விடாதீர்கள். நம் வீட்டுக் குளிர்ச்சிக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை விழக் கூடாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: தேதி, சுவிட்ச் போட்ட நேரம், வெளி யூனிட் கிளம்பிய நேரம், அப்போதைய வோல்டேஜ், கேட்ட சத்தம். ஒரு வாரம் எழுதினால் போதும். தாமதம் எப்போதும் மூன்று நிமிஷமா, மாலையில் மட்டும் கூடுகிறதா, நாளுக்கு நாள் வளர்கிறதா என்று தெரிந்துவிடும். எப்போதும் மூன்று என்றால் பழுதில்லை. மாலையில் மட்டும் என்றால் வோல்டேஜ். நாளுக்கு நாள் வளர்ந்தால் கெபாசிட்டர். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எந்த மெக்கானிக்கும் நிதானமாகத்தான் பேசுவார்.

சங்கத்தின் சார்பில் பிளக்கில் செருகிப் பார்க்கும் வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி அலுவலக அறையில் வைக்கலாம் என்றும், கோடைக்கு முன் மூன்று பேஸின் சுமையையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பிரிக்கலாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டையும் அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்க வேண்டும்.