ஓரத்து நாற்காலிக்கும் ஒரே குரல்

 

ஒரு ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்து கேட்கிற குரல், ஓரத்து நாற்காலிக்குப் போனால் நிறம் மாறிவிடுகிறது. ஏன்? ஆறரை அங்குல வூஃபரின் கூம்பு ஏறக்குறைய 13 செ.மீ. விட்டம். 2500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 14 செ.மீ. இரண்டும் நெருங்கும்போது ஒலி முன்பக்கமாகக் குவிகிறது. அதற்கு மேல் 25 மி.மீ. ட்வீட்டர் பொறுப்பேற்றதும், ஒலி திடீரென்று நாலாபக்கமும் விரிகிறது. இந்தத் தாவல்தான் கோளாறு.

ட்வீட்டருக்கு முன்னால் ஓர் அகன்ற வாயை வைத்து, அதன் விரிவையும் வூஃபரின் விரிவோடு சேர்த்துவிடலாம். அதுதான் வேவ்கைடு. திருவிழாவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்குத் தம்பி முறை. ஆனால் இதன் முதல் வேலை சத்தத்தைக் கூட்டுவதல்ல, திசையை ஒழுங்குபடுத்துவது.

வடிவத்துக்கு வழி சொன்னவர் ஏர்ல் கெட்டிஸ்; 1989-இல் கட்டுரை வெளியிட்டார். 90 பாகை விரிவுக்குக் கணக்கு ரொம்ப எளிது: தொண்டை ஆரத்தின் வர்க்கத்தோடு ஆழத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். தொண்டை ஆரம் 14 மி.மீ., ஆழம் 60 மி.மீ. என்றால், அந்த இடத்தில் ஆரம் சுமார் 62 மி.மீ. அதன்பின் விளிம்பை வளைத்து மழுக்கினால் வூஃபர் அளவுக்கு வந்துவிடும்.

வீட்டு மேசையில் வைக்கிற 3டி பிரிண்டரே போதும். 0.2 மி.மீ. அடுக்குகளாக அச்சிட்டு, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட வேண்டியதுதான். பிரிண்டர் இல்லையா? அட்டையில் அச்சு வெட்டிக் கொடுத்தால் கடைசல் பட்டறையில் மரத்தில் கடைந்து தருவார்கள். முகப்புத் தகட்டைக் கழற்ற முடிகிற ட்வீட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

பலரும் கண்ணுக்குத் தெரிகிற வாயைத்தான் பளபளப்பாக்குகிறார்கள். உழைப்பு போக வேண்டிய இடம் தொண்டை. 15000 ஹெர்ட்ஸில் அலைநீளமே 23 மி.மீ.தான், அங்கே ட்வீட்டரும் வேவ்கைடும் சேருமிடத்தில் ஒரு மில்லிமீட்டர் படி இருந்தாலும் அளவீட்டில் காட்டிக்கொடுக்கும்.

முடித்ததும் காதை மட்டும் நம்பாதீர்கள். மைக்கை ஒரு மீட்டரில் நிறுத்தி, ஸ்பீக்கரை 15 பாகை வீதம் 60 வரை திருப்பி அளந்து பாருங்கள். கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சீராக இறங்கினால் வெற்றி.

தம்பிகளே, தங்கைகளே! தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துபோகிற சமன்பாடு, ஒரே வாரத்தில் கையில் பொருளாக வந்து நிற்கிற காலம் இது. செய்யுங்கள், செய்ததை அளந்து பாருங்கள். அளக்கும்போது, நேரே இருப்பவரோடு நின்றுவிடாமல் ஓரத்தில் இருப்பவரையும் கணக்கில் சேருங்கள்.