பழைய கார்களின் பெருங்கூட்டமும் கடைசியாக வந்து சேரும் வண்டியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடெங்கும் உள்ள பழைய கார் அன்பர்களை ஓரிடத்திற் கூட்டி, அவர்கள் நெடுநாள் நினைக்கத்தக்க விழா ஒன்றை நடத்துவது எப்படி என்று பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்திருக்கின்றார். இரயில்வே குமாஸ்தாவுக்கும் மோட்டார்க் காருக்கும் என்ன உறவு என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. எங்கள் பரம்பரையில் கார் வாங்கினவர் எவருமில்லை. ஆயினும், மூன்றாண்டுகட்கு முன் இந்நகரத்துச் சங்கம் ஒன்று நடத்திய அத்தகைய கூட்டத்தில் நம்மவர் சாப்பாட்டுப் பொறுப்பையும் தொண்டர் பொறுப்பையும் ஏற்றோம். வரும் தை மாதத்தில் மறுபடியும் நம்மை அழைத்திருக்கின்றனர். ஏற்பதா, மறுப்பதா என்பதை இன்று முடிவு செய்தாக வேண்டும்.

இத்தகைய விழா நம் நாட்டிற்குப் புதிதன்று. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் தில்லியில் 1964ஆம் ஆண்டிலும், கொல்கத்தாவில் 1968ஆம் ஆண்டிலும் பழைய கார் ஊர்வலத்தைத் தொடங்கி வைத்தனர். தில்லி ஊர்வலத்திற் கலந்துகொண்ட வண்டிகளுள் 1914ஆம் ஆண்டைச் சேர்ந்த தீயணைப்பு வண்டி ஒன்று உண்டு. அது நிஜாம் அரசு இரயில்வேக்கு உரியதாயிருந்து, பின்னர்த் தேசிய இரயில் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஆகவே இத்துறையில் இரயில்வேக்காரருக்கும் சிறிது பங்குண்டு என்று நாங்கள் சொல்லிக்கொள்ளலாம்!

கூட்டத்திற்கு ஊரைத் தேர்வதே முதல் வேலை. விடுதியும் மைதானமும் இருந்தாற் போதாது. கார்களோடு அவ்வூருக்கு ஓர் உறவு இருத்தல் வேண்டும். நம் ஹவுரா–பர்த்தமான் பாதையில், உத்தரபாராவுக்கும் கொன்னகருக்கும் நடுவே, ஹிந்த்மோட்டார் என்று ஒரு நிலையமே இருக்கிறது. 1942இல் குஜராத்தின் ஓக்காத் துறைமுகத்தில் தோன்றிய தொழிற்சாலை, 1948இல் உத்தரபாராவுக்கு வந்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி 1957 முதல் வெளிவந்த அம்பாசடர், 2014ஆம் ஆண்டு மே மாதம் வேலை நிறுத்தி வைக்கப்படும் வரை இங்கேதான் பிறந்தது. தான் பிறந்த இடத்தின் வாயிலில் ஓர் அம்பாசடர் வந்து நின்றால், அதன் சொந்தக்காரருக்கு வேறு கேளிக்கை எதற்கு? சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒன்றிரண்டு வருமாயின் நம் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

இனி, சென்ற முறை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஜம்ஷெட்பூரிலிருந்து ஒரு முதியவரும் அவர் மனைவியாரும் தம் தந்தையார் காலத்து அம்பாசடரில் விடியற்காலையிற் புறப்பட்டனர். கோலாகாட்டைத் தாண்டியதும் விசிறிப் பட்டை அறுந்து, தண்ணீர் கொதித்து, வண்டி நின்றுவிட்டது. அழைப்பிதழில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பலமுறை பேசிப் பார்த்திருக்கிறார், எடுப்பாரில்லை. பிரதம விருந்தினரை வரவேற்பதில் அனைவரும் முனைந்திருந்தனர். செய்தி எப்படியோ எங்கள் சமையற் பந்தலுக்கு எட்டியது. நாங்களும், “யாரேனும் கவனிப்பார்கள்” என்று சொல்லிச் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தோம். அதை மறைப்பது நியாயமன்று.

பொழுது சாய்ந்தபின் அவ்வண்டி மைதானத்திற்கு வந்தது. பந்தற்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தனர். பெரியவர் இறங்கி, தம் காரின் எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும்படி மட்டும் கேட்டார். பதிவேடு மூன்று மணிக்கே போய்விட்டிருந்தது. மிஞ்சியிருந்த தயிர்ச்சாதத்தை அவ்விருவருக்கும் இலையிலிட்டோம். அந்த அம்மையார் எங்கள் பெண்டிரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி கூறியது இன்றும் எங்களை உறுத்துகிறது.

ஆகவே, நிகழ்ச்சி நிரலைக் காலை ஊர்வலத்திலிருந்து எழுதத் தொடங்குதல் பிழை என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு வண்டியும் எங்கிருந்து எந்நேரம் புறப்படுகிறது, எவ்விடத்தை எப்போது கடக்க வேண்டும் என்பதே முதலில் எழுதத் தக்கது. இரயில்வேயில் இதற்குக் கால அட்டவணை என்று பெயர். நெடுந்தூரத்திலிருந்து வருவோர் முந்தின நாளே வந்து தங்கட்டும். ஒவ்வொரு சாலையிலும் பழுது பார்க்கும் வண்டி ஒன்று காத்திருக்கட்டும். அதில் விசிறிப் பட்டை, ரேடியேட்டர்க் குழாய், கண்டென்சர், பிளக்கு, பத்துக் குடம் தண்ணீர், அவ்வளவே. அம்பாசடர், பியட் வண்டிகளுக்கு வேண்டியவற்றை மல்லிக் பஜாரில் தேடிக்கொள்ளலாம். தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில், பேச்சை எடுப்பதற்கென்றே ஓர் ஆள் உட்கார வேண்டும்.

ஊர்வலம் குறுகியதாய் இருத்தல் நலம். நகரும் நெரிசலில் என்ஜின் மெதுவாய்ச் சுழல, விசிறியும் மெதுவாய்ச் சுழலும், எதிர்க்காற்றும் கிடையாது, பழைய ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கும். லெவல் கிராஸிங் உள்ள வழியை அறவே தவிர்க்க வேண்டும். கேட்டைத் திறக்கச் சொல்லி எங்களிடம் சிபாரிசுக்கு வராதீர்கள்!

அரசாங்க விதியையும் அறிந்திருக்க வேண்டும். முதற் பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளைத் தனியே பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. அவ்வகை வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண் பலகை உண்டு. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்கே அது சாலையில் வரலாம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கக்கூடும் என்பதையும் அழைப்பிதழிலேயே எழுதிவிட வேண்டும்.

பரிசைப் பற்றி ஒரு சொல். பளபளப்புக்கும் விலைக்கும் பரிசளிக்கப் பலர் இருக்கின்றனர். மிகத் தொலைவிலிருந்து தன் சக்கரத்திலேயே உருண்டு வந்த வண்டிக்கு நம் சங்கத்தின் பெயரால் ஒரு குத்துவிளக்கு தரலாமே. ஆடவர் என்ஜின் மூடியைத் திறந்து குனிந்தால் இரண்டு மணி நேரம் நிமிர மாட்டார். அவர்தம் மனைவி மக்களை நம் மகளிர் தக்ஷிணேசுவரத்திற்கும் பேலூருக்கும் அழைத்துச் செல்வதாக ஒப்பியிருக்கின்றனர்.

அழைப்பை ஏற்கலாம் என்பதே எங்கள் எண்ணம். ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. கடைசி வண்டி வந்து சேரும்வரை பந்தலை அவிழ்த்தலாகாது. பதிவேடும் அதுவரை நம்மிடமே இருத்தல் வேண்டும். ஜம்ஷெட்பூர் முகவரிக்கு முதல் அழைப்பை எழுதி வைத்திருக்கிறோம். இரவு ஒன்பது மணி வரை மேசையருகில் அமரக்கூடிய நால்வர் தம் பெயரை இன்றே செயலாளரிடம் கொடுக்க வேண்டுகிறோம். எங்கள் பெயர் முன்னமே எழுதியாயிற்று.